வெப்பத்திற்கு அசையாத நூல்

நூலுக்கு இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று இழுப்பு, மற்றொன்று வெப்பம். தறியிலே பாவாக ஏறி நிற்கும்போதும், தையல் ஊசியின் காதிலே புகுந்து ஓடும்போதும், கயிறாகத் திரிந்து பாரத்தைத் தாங்கும்போதும் நூல் இழுக்கப்படுகிறது. கொதிக்கும் சாயத் தொட்டியிலும், துணியை விரித்து உலர்த்தும் இயந்திரத்திலும், நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் அடியிலும் அது சூடேற்றப்படுகிறது. இழுப்பைத் தாங்கியும் சூட்டிலே சுருங்கிப்போகும் நூலால் நெய்த துணி, உடுத்துவோருக்குப் பயன்படாது. சூட்டைத் தாங்கியும் இழுப்பிலே அறுந்துபோகும் நூல், தறிக்கே பயன்படாது. இவ்விரு சோதனைகளிலும் ஒருங்கே தேறுகின்ற நூலைச் செய்வது எப்படி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். அந்த நூலின் பெயர் பாலியெஸ்டர்.

டெரிலின் சட்டை, டெரிகாட்டன் துணி என்ற பெயர்கள் நம் நாட்டுத் துணிக்கடைகளிலே ஒரு காலத்தில் பெருமையோடு ஒலித்தன. கசங்காதது, விரைவில் உலர்வது, மடிப்புக் கலையாதது என்று மக்கள் அதை விரும்பி வாங்கினார்கள். இன்றோ உலகில் ஆக்கப்படும் இழைகளிலே பாதிக்கு மேல் பாலியெஸ்டரே. ஆயினும், அது ஏன் கசங்குவதில்லை, ஏன் எளிதில் அறுவதில்லை என்று கேட்டால், 'அது பிளாஸ்டிக் அல்லவா' என்ற விடையோடு பலர் நிறுத்திக்கொள்கின்றனர். அந்த விடை போதாது. குடிநீர் விற்கும் புட்டியும், சட்டைத் துணியும், மோட்டார் வண்டியின் டயருக்குள்ளே மறைந்திருக்கும் நாணும் ஏறத்தாழ ஒரே பொருளால் ஆனவை. பொருள் ஒன்றாயிருந்தும் வலிமை வேறுபடுகிறது. வெப்பத்தைத் தாங்கும் தன்மையும் வேறுபடுகிறது. அந்த வேறுபாடு பொருளுக்குள்ளே ஏற்படுத்தப்படும் ஒழுங்கைப் பொறுத்தது. வலிமையைத் தரும் ஒழுங்கு ஒன்று. வெப்பத்திற்கு அசையாமல் நிற்கச் செய்யும் ஒழுங்கு மற்றொன்று. இவ்விரண்டும் எளிதில் உடன்பட்டுப் போவதில்லை என்பதிலேதான் இத்தொழிலின் அருமையும் இடர்ப்பாடும் அடங்கியிருக்கின்றன.

முதலில் இப்பொருள் பிறந்த வரலாற்றைக் காண்போம். மல்லிகை மொட்டுக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து நீண்ட சரமாக்குவதைப் போல, சிறு மூலக்கூறுகளைத் தொடுத்து மிக நீண்ட மூலக்கூறுகளை ஆக்க முடியும். அமிலம் ஒன்றும் ஆல்கஹால் ஒன்றும் கூடினால் எஸ்டர் என்னும் பொருள் உண்டாகிறது. பழங்களின் நறுமணத்துக்குக் காரணமான பொருள்களுள் பல எஸ்டர்களே. அமிலத்துக்கும் ஆல்கஹாலுக்கும் ஒவ்வொரு கைதான் இருந்தால் அந்தச் சேர்க்கை அங்கேயே முடிந்துவிடும். இரண்டுக்கும் இருபுறமும் கைகள் இருந்தாலோ, ஒன்று மற்றொன்றின் கையைப் பற்ற, அது அடுத்ததைப் பற்ற, சங்கிலி நீண்டுகொண்டே போகும். இப்படி எஸ்டர் இணைப்புக்கள் பல சேர்ந்த சங்கிலியே பாலியெஸ்டர்.

அமெரிக்காவிலே, டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், வாலஸ் கரோதர்ஸ் என்னும் வேதியியல் அறிஞர் இத்தகைய நீண்ட சங்கிலிகளை ஆராய்ந்து வந்தார். 1930ஆம் ஆண்டில் அவருடைய துணைவரான ஜூலியன் ஹில், உருகிய பாலியெஸ்டரிலிருந்து ஒரு கோலால் இழை இழுத்தார். ஆறிய பின்னும் அந்த இழையைப் பிடித்து இழுத்தால், அது அறாமல் பல மடங்கு நீண்டது; நீண்ட பின் முன்னிலும் வலிமையும் பளபளப்பும் பெற்றது. செயற்கை இழைத் தொழில் அனைத்துக்கும் அடிப்படையாக அமைந்த கண்டுபிடிப்பு இது. ஆனால் அந்த முதல் பாலியெஸ்டர் இழையால் துணி நெய்ய வழியில்லை. வெந்நீரின் சூட்டுக்கே அது இளகியது. வலிமைச் சோதனையில் தேறிய இழை வெப்பச் சோதனையில் தோற்றது. ஆகவே கரோதர்ஸ் பாலியெஸ்டரை ஒதுக்கிவிட்டு வேறு வகைச் சங்கிலியை நாடினார். அதன் பயனாக 1935ஆம் ஆண்டில் நைலான் பிறந்தது.

கைவிடப்பட்ட அந்தப் பாதையை மீண்டும் திறந்தவர்கள் இங்கிலாந்தினர். லங்காஷயர் வட்டாரத்தில் ஆக்ரிங்டன் என்னும் ஊரில், துணிகளுக்கு அச்சிடும் நிறுவனமாகிய காலிகோ பிரிண்டர்ஸ் சங்கத்துக்கு ஒரு சிறிய ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே பணியாற்றிய ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டென்னன்ட் டிக்சனும் 1941ஆம் ஆண்டில், போர் நடந்துகொண்டிருந்த வேளையில், வெப்பத்திற்கு இளகாத பாலியெஸ்டரைச் செய்து காட்டினார்கள். அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி மிக எளியது. கரோதர்ஸின் சங்கிலி ஏன் அத்துணை எளிதில் இளகிற்று? அதன் கண்ணிகள் எல்லாப் பக்கமும் வளையக்கூடியவை. சிறிது சூடு பட்டாலே நெளியத் தொடங்குபவை. அந்தச் சங்கிலியின் இடையிடையே வளையாத கட்டைகளைப் பொருத்தினால் என்ன?

அந்தக் கட்டையாக அமைந்தது பென்சீன் வளையம். ஆறு கரி அணுக்கள் அறுகோணமாக அமைந்த உறுதியான தட்டு அது. அறுகோணத்தின் எந்த இரு மூலைகளில் கைகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்துச் சங்கிலியின் போக்கு மாறும். அடுத்தடுத்த மூலைகளில் இருந்தால் சங்கிலி மடங்கிக் கோணும். அதுவே தாலிக் அமிலம். நேர் எதிரான மூலைகளில் இருந்தால் சங்கிலி நேராக நீளும். அதுவே டெரிப்தாலிக் அமிலம். முதன்முதலில் கற்பூரத் தைலத்திலிருந்து கிடைத்தமையால் அதற்கு அப்பெயர் வந்தது. அந்நாளில் அது தொழிற்சாலைகளில் மதிப்பற்றுக் கிடந்த ஒரு பொருள். வின்ஃபீல்டும் டிக்சனும் அதனையே எடுத்து, எதிலீன் கிளைக்கால் என்னும் இரு கை ஆல்கஹாலோடு சேர்த்தார்கள். விளைந்த பொருள் ஏறத்தாழ 260 பாகை சென்டிகிரேடு வரையில் உருகவில்லை. வளையாத கட்டைகள் நேராகப் பொருந்தியதால், வெந்நீருக்கு ஆற்றாத இழை இஸ்திரிப் பெட்டிக்கும் ஆற்றும் இழையாயிற்று.

போர்க்கால இரகசியமாக இருந்த இக்கண்டுபிடிப்பு, போர் முடிந்த பின்னரே வெளியுலகுக்கு வந்தது. இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனம் அதனை வளர்த்து, டெரிலின் என்ற பெயரோடு 1955ஆம் ஆண்டில் வில்ட்டன் என்னும் இடத்தில் பேராலை நடத்தத் தொடங்கியது. அமெரிக்க உரிமையை வாங்கிய டூபான்ட் நிறுவனம், டேக்ரான் என்ற பெயரில் 1953ஆம் ஆண்டில் வட கரோலைனாவில் உள்ள கின்ஸ்டனில் ஆலை திறந்தது. தான் கைவிட்ட பொருளையே அந்நிறுவனம் பிறரிடம் விலை கொடுத்து வாங்க நேர்ந்தது. நம் நாட்டில் 1960களின் நடுவில் பம்பாயை அடுத்த தாணாவிலே இவ்விழையின் உற்பத்தி தொடங்கியது.

இனி, நூல் செய்யும் முறையைக் காண்போம். டெரிப்தாலிக் அமிலம் இன்று பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பாராக்சைலீன் என்னும் பொருளிலிருந்து செய்யப்படுகிறது. அதைத் தூய்மையாக்குவது தொடக்க காலத்தில் பெரும் இடையூறாக இருந்தது. அது எளிதில் உருகுவதுமில்லை. காய்ச்சி வடிப்பதற்கும் இணங்குவதில்லை. ஆதலால் அதனை வேறொரு எஸ்டராக மாற்றித் தூய்மை செய்து பின்னர்ப் பயன்படுத்தினார்கள். 1960களின் நடுப்பகுதியிலிருந்தே தூய அமிலத்தை நேராகப் பயன்படுத்தும் வழி பரவியது. தூய்மைக்கு ஏன் இத்துணை முதன்மை? இருபுறமும் கைகளுள்ள மூலக்கூறுகளுக்கு நடுவே ஒரே கையுள்ள அயற்பொருள் நுழைந்துவிட்டால், சங்கிலி அந்த இடத்தோடு நின்றுவிடும். சங்கிலி குட்டையானால் நூல் வலிமை பெறாது.

அமிலமும் கிளைக்காலும் சேர்ந்த கலவையை ஏறத்தாழ 280 பாகை வரையில் சூடேற்றுகிறார்கள். ஆன்டிமனி சேர்மம் ஒன்று மிகச் சிறிய அளவில் வினையூக்கியாக இடப்படுகிறது. சங்கிலிகள் இணையுந்தோறும் கிளைக்கால் ஆவியாகப் பிரிகிறது. அதை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால், அது திரும்பவும் சங்கிலியைத் துண்டித்துவிடும். ஆகவே கலத்தினுள்ளே காற்றழுத்தத்தை வெளியிலுள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்து, ஆவியை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சங்கிலி நீள நீளக் கூழ் தேனைப் போல, பிறகு வெல்லப்பாகைப் போலத் தடிக்கிறது. கலக்கும் இயந்திரத்துக்கு எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதைக் கொண்டே சங்கிலியின் நீளத்தை மதிப்பிடுகிறார்கள். பாகு பதத்தை அகப்பையின் கனத்தாலே அறியும் சமையற்காரரின் கலையே இங்கும் நடைபெறுகிறது. துணி நூலுக்கு உரிய சங்கிலியில் ஏறத்தாழ 100 கண்ணிகள் இருக்கும்.

பதம் வந்த பாகை நேராகவே இழையாக்கலாம். அல்லது குளிரவைத்துச் சிறு சிறு மணிகளாக நறுக்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது மீண்டும் உருக்கலாம். உருக்குவதற்கு முன் அந்த மணிகளைக் கடுமையாக உலர்த்த வேண்டும். ஒரு லட்சம் பங்கு மணிகளில் ஐந்து பங்கு ஈரம் இருந்தாலே அதிகம். உருகிய நிலையில் ஈரம், கத்தரிக்கோலைப் போலச் சங்கிலிகளை நறுக்கிவிடும். நன்கு உலர்ந்த மணிகள் உருகியதும், அந்தக் கூழை நுண்ணிய வடிகட்டிகளின் வழியாகச் செலுத்தி, துளைத்தகடு ஒன்றின் வழியே பிழிகிறார்கள். இடியாப்ப உரலின் அச்சைப் போன்றது இத்தகடு. ஆனால் இதன் துளைகள் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே அகலமுடையவை. கீழே வரும் இழைகளின்மேல் குளிர்காற்று சீராக வீசுகிறது. காற்று ஒரு பக்கம் மிகுந்தாலும் இழைகளின் பருமன் மாறும்; பருமன் மாறிய நூலிலே சாயம் திட்டுத்திட்டாக ஏறும். இறுகிய இழைகளை ஒன்றுசேர்த்து, உராய்வும் மின்னேற்றமும் குறையும்படி எண்ணெய்ப் பூச்சுக் கொடுத்து, உருளைகளிலே சுற்றுகிறார்கள்.

இவ்வாறு சுற்றப்பட்ட இழை நூலைப் போலத் தோன்றும்; ஆனால் நூலுக்குரிய வலிமை அதற்கு இன்னும் வரவில்லை. அதனுள்ளே சங்கிலிகள், சிக்கிக் கிடக்கும் நூற்கண்டைப் போலத் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஆதலால் அடுத்த பணி இழுத்து நீட்டுதல். 80 பாகைக்குச் சிறிது குறைவான வெப்பத்திலேயே பாலியெஸ்டரின் சங்கிலிகள் அசையத் தொடங்குகின்றன. அந்த நிலைக்குச் சற்று மேலே சூடான இரு உருளைகளுக்கு இடையே, முன்னுள்ளது மெதுவாகவும் பின்னுள்ளது விரைவாகவும் சுழல, இழை இழுபடுகிறது. துணி நூலை மூன்று முதல் நான்கு மடங்கு வரை நீட்டுவது வழக்கம். அப்போது சங்கிலிகள் நூலின் நீள வாக்கிலே நேராகி, பக்கத்துக்குப் பக்கம் நெருங்கிப் படிகங்களாக அடுக்கப்படுகின்றன. முன்பு சில சங்கிலிகள் மட்டும் தாங்கிய பாரத்தை இப்போது பல சங்கிலிகள் பகிர்ந்து தாங்குகின்றன. தேர் வடத்தை அவரவர் விருப்பம்போல் பல திசைகளில் இழுத்தால் தேர் நகராது. எல்லாரும் ஒரே திசையில் இழுத்தால் நகரும். நூலின் வலிமையும் இத்தகையதே.

இவ்வலிமையை அளப்பதற்கு ஓர் அளவு உண்டு. 9,000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் எடையோ, அத்தனை டெனியர் அதன் பருமன். ஒரு டெனியருக்கு எத்தனை கிராம் சுமையில் நூல் அறுகிறது என்பதே வலிமையின் அளவு. உடைக்கான பாலியெஸ்டர் நூல் டெனியருக்கு நான்கு அல்லது ஐந்து கிராம் தாங்கும். தொழில்துறைக்குச் செய்யப்படும் நூலோ எட்டு, ஒன்பது கிராம் வரையில் தாங்கும். அவ்வலிமையைப் பெற முதலில் சங்கிலியையே நீளமாக்க வேண்டும். உருக்கிய பாகை மேலும் மேலும் காய்ச்சினால் அது கெடத் தொடங்கும். ஆகவே மணிகளை உருகவிடாமல், 200 பாகைக்கு மேல் பல மணி நேரம் திட நிலையிலேயே வைத்து, வெற்றிடத்திலோ நைட்ரஜன் வாயுவிலோ சங்கிலிகளை மெதுவாக வளர்க்கிறார்கள். அவ்வாறு வளர்ந்த நீண்ட சங்கிலிகளை ஐந்து, ஆறு மடங்கு வரையில் நீட்டுகிறார்கள்.

இங்கேதான் நாம் முன்னே குறிப்பிட்ட இடர்ப்பாடு தலைகாட்டுகிறது. நீட்டப்பட்ட சங்கிலி, இழுத்துக் கட்டிய வில்லின் நாணைப் போன்றது. படிகங்களாக அடுங்கிய பகுதி அசையாது நிற்கும். ஆனால் படிகங்களுக்கு நடுவே உள்ள ஒழுங்கற்ற பகுதியில், இழுத்து நிறுத்தப்பட்ட சங்கிலிகள் பழைய சுருண்ட நிலைக்குத் திரும்பச் சமயம் பார்த்துக் காத்திருக்கின்றன. குளிர்ந்திருக்கும்வரை அவற்றால் அசைய முடியாது. சூடு பட்டதும் அவை சுருங்கும். அவற்றோடு நூலும் சுருங்கும். நீட்டியபின் வேறு பதம் செய்யாத நூலைக் கொதிநீரில் இட்டால், அதன் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு வரையிலும் குறைந்துவிடக்கூடும். அத்தகைய நூலால் நெய்த சட்டை முதல் சலவையிலேயே பிள்ளைக்குரிய சட்டையாகிவிடும். எவ்வளவு மிகுதியாக நீட்டுகிறோமோ அவ்வளவு வலிமை வரும். அவ்வளவு சுருங்கும் வேட்கையும் உள்ளே சேரும்.

இதற்கு மாற்று, வெப்பப் பதமிடுதல். நூலையோ துணியையோ 180 பாகைக்கும் 220 பாகைக்கும் இடையில், இழுவிசை தளராமல் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் சூடேற்றி, அந்நிலையிலேயே குளிரவிடுகிறார்கள். அந்த வெப்பத்திலே சங்கிலிகள் தம் இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்கின்றன. சிறு படிகங்கள் மறைந்து பெரிய, குறையற்ற படிகங்கள் வளர்கின்றன. அவை முடிச்சுக்களைப் போல நின்று நூலின் அமைப்பைக் காக்கின்றன. இதன்பின், அந்தப் பதமிட்ட வெப்பத்துக்குக் கீழே எவ்வளவு சூடேற்றினாலும் நூல் பெரிதும் அசைவதில்லை. கொதிநீர் 100 பாகை. இஸ்திரிப் பெட்டியின் மிதமான சூடு 150 பாகையளவு. இரண்டும் பதமிட்ட வெப்பத்துக்குக் கீழ்ப்பட்டவை. டெரிலின் சட்டையின் மடிப்பு கலையாதிருந்ததன் காரணம் இதுவே: அம்மடிப்பு அந்தத் துணியின் உள்ளமைப்பிலேயே பதிந்துவிட்டது.

பதமிடும்போது நூலுக்குச் சிறிது தளர்ச்சி கொடுத்தால் பின்னாளில் சுருக்கம் மிகவும் குறையும். ஆனால் வலிமையிலும் ஒரு பகுதி போய்விடும். தளர்ச்சி கொடாமல் இறுக்கிப் பிடித்தால் வலிமை நிற்கும். சுருக்கமும் மறைந்து நிற்கும். ஆகவே தொழில்துறை நூல்கள் ஒரே வகையாக இருப்பதில்லை. பாரம் தூக்கும் பட்டைக்கும் கயிற்றுக்கும் உச்ச வலிமை நூல் ஏற்றது. பூச்சுப் பூசி அடுப்பில் உலர்த்தப்படும் கூடாரத் துணிக்கும் விளம்பரத் துணிக்கும், வலிமையில் சிறிது விட்டுக்கொடுத்த, குறைந்த சுருக்கமுள்ள நூல் ஏற்றது. எந்தப் பயனுக்கு எந்த நூல் என்று அறிந்து தேர்வதே அறிவுடைமை.

இரண்டையும் ஒருங்கே வேண்டுகின்ற இடம் மோட்டார் டயர். டயரின் ரப்பருக்குள்ளே புதைந்துள்ள நாண்களே அதன் எலும்புகள். டயர் வார்க்கப்படும்போது 150 பாகைக்கு மேலான சூட்டில் ரப்பர் பதமாகிறது. அப்போது நாண் சுருங்கினால் டயரின் வடிவமே கோணும். நைலான் நாணுள்ள டயர் வண்டி இரவில் நின்ற இடத்தில் தட்டையாகி, காலையில் சற்றுத் தூரம் ஓடும்வரை தடதடக்கும். பாலியெஸ்டரில் இக்குறை மிகக் குறைவு. எனவே டயர் நாணுக்கென்று வேறொரு முறை கண்டார்கள். உருகிய இழையைத் துளைத்தகட்டிலிருந்து மிகுந்த வேகத்தில் இழுத்தெடுத்து, அப்போதே சங்கிலிகளை ஓரளவு ஒழுங்காக்கிவிடுகிறார்கள். பின்பு நீட்டும் மடங்கைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஒழுங்கு சிறிது சிறிதாக வந்தமையால் உள்ளிறுக்கம் குறைகிறது. வலிமை சற்றே குறைந்தாலும், நீளாமையும் சுருங்காமையும் ஒருசேரக் கிடைக்கின்றன. இன்றைய கார்களின் ரேடியல் டயர்களிலே பெருவாரியாக இவ்வகை நூலே உடல் நாணாக அமைந்திருக்கிறது.

மற்றோர் எடுத்துக்காட்டு காரின் இருக்கைப் பட்டை. மூன்று முனைகளில் மாட்டும் பட்டையை, சுவீடன் நாட்டு வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் அமைத்து, அது 1959ஆம் ஆண்டில் கார்களில் இடம்பெற்றது. அத்தகைய பட்டைகள் இன்று பெரும்பாலும் உயர்வலிமைப் பாலியெஸ்டர் நூலால் நெய்யப்படுகின்றன. ஐரோப்பிய விதிமுறைப்படி அப்பட்டை ஏறத்தாழ ஒன்றரை டன் இழுப்பையாவது தாங்கவேண்டும். நாள்தோறும் வெயிலில் நிற்கும் வண்டியின் உட்சூட்டிலும், கண்ணாடி வழியே விழும் ஒளியிலும் பல ஆண்டுகள் கிடந்த பின்னரும் அது அந்த வலிமையை இழத்தலாகாது. அதன் சோதனை ஒரு நொடிக்குள் முடியும். அந்நொடியில் தோற்றால் மறுமுறை இல்லை. குட்டைச் சங்கிலியாலான நூலும் நீண்ட சங்கிலியாலான நூலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். கையால் தடவினாலும் வேறுபாடு தெரியாது. உலர்த்தும் நேரத்தை மிச்சம் பிடித்ததும், வடிகட்டியை மாற்றாமல் விட்டதும் துணியிலே எழுதப்பட்டிருப்பதில்லை. ஆகையால் இத்தொழிலில் சோதனைக்கூடமும், ஆலையில் பணி செய்வோரின் நேர்மையும் இயந்திரங்களுக்கு இணையானவை.

இத்தனை பெருமை கூறியபின், இந்நூலின் குறைகளையும் கூறாமல் விடுதல் முறையன்று. உலர்ந்த சூட்டை நன்கு தாங்கும் பாலியெஸ்டர், நீராவியின் சூட்டில் நெடுநேரம் இருந்தால் மெல்ல மெல்லச் சிதையும். சூடான கார நீரும் அதை அரிக்கும். இக்குறையையே நெசவாலையினர் ஒரு நயமாக்கிக்கொண்டு, காரத்தால் இழையின் மேற்புறத்தைச் சிறிது கரைத்துப் பட்டுப்போன்ற மென்மை தருகிறார்கள். பருத்தி நூறு பங்கில் ஏழெட்டுப் பங்கு ஈரத்தை ஈர்த்து வைத்திருக்க, பாலியெஸ்டர் அரைப் பங்கு ஈரத்தைக்கூட ஏற்பதில்லை. விரைவில் உலர்வதும் அதனாலே. நம் நாட்டு வெயிலில் புழுங்குவதும் அதனாலே. பருத்தியோடு கலந்து நெய்யும் வழக்கம் வந்ததற்கு இது ஒரு காரணம். சாயமும் எளிதில் ஏறாது. அழுத்தக் கலத்தில் 130 பாகை வரையில் நீரைச் சூடாக்கியே சாயம் ஏற்ற வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் விட முதன்மையான ஓர் எச்சரிக்கை உண்டு. வெப்பத்திற்கு அசையாத நூல் என்று சொன்னோம். தீக்கு அஞ்சாத நூல் என்று சொல்லவில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு. 200 பாகை வரையில் உறுதியாக நிற்கும் இந்நூல் 260 பாகையில் உருகிவிடும். அடுப்புச் சுடரின் வெப்பம் அதைவிடப் பன்மடங்கு மிகுதி. சுடர் பட்ட பாலியெஸ்டர் துணி உருகி, எரியும் துளிகளாகச் சொட்டி, தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியக்கூடியதே, ஆனால் அது உருகி ஒட்டாது. இரண்டும் கலந்த துணியை நடுத்தரமானது என்று எண்ணிவிடலாகாது. உருகிய பாலியெஸ்டர் கீழே சொட்டிவிடாதபடி பருத்தி இழைகள் திரியைப் போலத் தாங்கிக்கொள்ள, விளக்குத் திரியில் எண்ணெய் எரிவதுபோல் அது தொடர்ந்து எரியும். ஆதலால் சமையலறையில் தொங்கும் முந்தானையையும் தளர்ந்த கைகளையும் உடையவர்கள் விழிப்போடு இருக்கவேண்டும். தீபாவளி நாளில் பிள்ளைகளுக்கு உடலோடு ஒட்டிய பருத்தி உடையே தக்கது என்று பெரியோர் கூறுவது வெறும் வழக்கமன்று. பொருளின் தன்மையறிந்து கூறும் அறிவுரை.

இன்னொன்றும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அறாத, இளகாத, மட்காத பொருளை மனிதன் விரும்பிப் படைத்தான். அது அவன் விரும்பியவாறே மட்காமல் இருக்கிறது. பயன் முடிந்த துணி மண்ணிலே நெடுங்காலம் கிடக்கிறது; துவைக்கும்போது உதிரும் நுண்ணிழைகள் நீரோடு ஆற்றையும் கடலையும் அடைகின்றன. பயன்படுத்திய நீர்ப்புட்டிகளைத் துண்டாக்கிக் கழுவி உருக்கி மீண்டும் இழையாக்கும் தொழில் இன்று வளர்ந்திருக்கிறது. புட்டியின் சங்கிலி துணி நூலின் சங்கிலியைவிட நீளமானது; ஆகவே உருக்கும்போது சிறிது குறைந்தாலும் துணிக்குப் போதுமானதாக நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை உருக்கும்போதும் சங்கிலி தேய்கிறது; ஈரமும் அயற்பொருளும் அதனை மேலும் நறுக்குகின்றன. உயர்வலிமை நூலுக்கு வேண்டிய நீளத்தை மீண்டும் பெறத் திட நிலையில் வளர்க்கவேண்டும். அல்லது சங்கிலியை முற்றிலும் பிரித்து அமிலமும் கிளைக்காலுமாக்கி, முதலிலிருந்து தொடுக்கவேண்டும். பிரித்த மாலையை மீண்டும் தொடுக்கும் இந்த வழி இயலக்கூடியதே, செலவுதான் மிகுதி.

நேயர்களே, அடுத்த முறை துணிக்கடையில் பாலியெஸ்டர் கலந்த துணியை விரித்துக் காட்டும்போது, விலையோடு நான்கு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். எவ்வளவு பங்கு பாலியெஸ்டர்? எத்தனை சூட்டில் இஸ்திரி போடலாம்? அடுப்படிக்கு உடுத்தவா, வெளியே உடுத்தவா? எத்தனை ஆண்டு உழைக்கும்? இவற்றிற்கு விடை அறிந்து வாங்கிய துணியை, கிழியும்வரை உடுத்துங்கள். நெடுநாள் உழைப்பதற்கென்றே செய்யப்பட்ட நூல் அது. ஓராண்டில் எறிந்துவிடுவதற்கு அன்று.